எட்வர்ட் பால்ஃபர்

எட்வர்ட் கிரீன் பால்ஃபர் (செப்டம்பர் 6, 1813 – டிசம்பர் 8, 1889) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓர் அறுவை மருத்துவர், நூலாசிரியர், கலைக்களஞ்சியத் தொகுப்பாளர். சென்னை அரசு அருங்காட்சியகத்தை 1851 இல் அமைத்து அதன் முதல் பொறுப்பாளராக 1859 வரை இருந்தவர். சென்னை விலங்குக் காட்சிசாலை உருவாகவும் பெங்களூர் அருங்காட்சியகம் தொடங்கவும் காரணமாக இருந்தார். காடுகளுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தென்னிந்தியாவில் முதன்முதலாக எழுதியவர்களில் ஒருவர். பெண்கள் மருத்துவம் கற்பதற்குச் சென்னை மருத்துவக் கல்லூரியில் வழி திறக்கப்பட்டதிலும் இவருக்குப் பங்கு உண்டு.

அருங்காட்சியகம் என்பது அறிஞர்கள் மட்டும் வந்துபோகும் இடமாக இருந்த காலத்தில், எழுத்தறியாத பொதுமக்களும் அதனைத் தமக்குரிய இடமாகக் கருதவேண்டும் என்ற நோக்கில் செயற்பட்டவர் என்பதே இவருடைய பணிகளுள் இன்று பெரிதும் பேசப்படுவது. அந்நோக்கம் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது தனியே ஆராயத்தக்கது.

இளமையும் கல்வியும்

பால்ஃபர் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள மான்ட்ரோஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் பால்ஃபர், கிழக்கிந்தியக் கம்பனியின் கடற்பணியில் இருந்த கப்டன். தாய் சூசன் ஹியூம். சீனாவின் சாங்காய் நகரில் முதல் பிரித்தானியத் தூதராக இருந்து, பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரான சர் ஜார்ஜ் பால்ஃபர் இவருடைய தமையன் ஆவார்.

தாய்மாமன் ஜோசப் ஹியூமைப் பற்றி இங்குக் குறிப்பிடவேண்டும். இந்தியாவில் மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியபின் நாடாளுமன்றத்தில் தீவிரச் சீர்திருத்தவாதியாக விளங்கிய ஹியூம், தேசியச் சின்னங்களையும் கலைக்கூடங்களையும் உழைக்கும் மக்கள் கட்டணமின்றிப் பார்க்க வகைசெய்ய வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர். எளிய மக்களை உள்ளே விட்டால் பொருட்களை உடைத்துவிடுவர் என்ற அச்சம் அக்காலத்து இலண்டனில் பரவலாக இருந்தது. 1837 இல் பிரித்தானிய அருங்காட்சியகம் முதன்முறையாக ஈஸ்டர் திங்கட்கிழமையில் திறந்து வைக்கப்பட்டபோது ஒரே நாளில் 20,000 க்கும் மேற்பட்டோர் வந்து, அச்சத்திற்கு இடமின்றிப் பார்த்துச் சென்றனர். பால்ஃபர் அப்பொழுது இந்தியாவில் இருந்தார். எனினும், பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சென்னையில் அவர் செய்தவற்றில் மாமனின் கொள்கைச் சாயலைக் காண்பது மிகையன்று.

மான்ட்ரோஸ் பள்ளியில் பயின்றபின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவம் கற்று, 1833 இல் எடின்பரோ அறுவை மருத்துவர் கல்லூரியின் தகுதிச் சான்று பெற்றார். அடுத்த ஆண்டு கப்பலேறினார். வழியில் மொரீசியசுத் தீவில் காடுகள் அழிக்கப்பட்டதால் நேர்ந்த கேட்டினைக் கண்டது அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு வித்திட்டது. 1834 சூனில் சென்னை மருத்துவப் பணியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார்.

படைகளுடன் பதினைந்து ஆண்டுகள்

தொடக்க ஆண்டுகளில் பீரங்கிப் படை, குதிரைப்படை, காலாட்படை எனப் பல பிரிவுகளுடன் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் சுற்றினார். இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுத் தேர்ந்தார். அதிகாரிகளில் பலர் முகாம்களில் வேட்டையிலும் சீட்டாட்டத்திலும் பொழுதுபோக்கிய காலத்தில், இவர் புள்ளிவிவரங்களைத் தொகுத்தார். எந்தப் பாசறையில் எத்தனை வீரர்கள் எந்நோயால் இறந்தனர் என்று கணக்கெடுத்து, நலமான இடங்களைத் தேர்ந்து பாசறை அமைப்பது பற்றி 1845 இல் எழுதினார். நடுவிந்தியாவின் நாடோடிக் குடிகளைப் பற்றிய இவருடைய கட்டுரை 1844 இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று.

1849 இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் மரங்கள் ஒரு நாட்டின் தட்பவெப்பத்தின்மீது செலுத்தும் தாக்கத்தைப் பற்றி எழுதினார். காடு அழிந்தால் நீர் வற்றும், நீர் வற்றினால் பஞ்சம் வரும் என்பது அதன் சாரம். 1856 இல் ஹியூ கிளெக்ஹார்னைத் தலைவராகக் கொண்டு சென்னை மாகாண வனத்துறை தோன்றியதற்கு முன்னோடியான எழுத்துகளில் இதுவும் ஒன்று. கிளெக்ஹார்னும் எடின்பரோவில் மருத்துவம் கற்றவரே.

சேப்பாக்கமும் நூலகமும்

1850 ஆம் ஆண்டளவில் பால்ஃபர் சேப்பாக்கத்தில் கர்நாடக நவாபின் அவைக்கு அரசு முகவராகவும், கர்நாடக உதவித்தொகைகளை வழங்கும் அலுவலராகவும் இருந்தார். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி 1801 இலேயே முடிந்துபோயிருந்தது. பட்டமும் மாளிகையும் உதவித்தொகையுமே எஞ்சியிருந்தன. பாரசீகம் அறிந்த பால்ஃபருக்கு நவாப் குலாம் கவுசு கானிடமும் அவரைச் சூழ்ந்திருந்த புலவர்களிடமும் நல்ல மதிப்பு இருந்தது.

அவ்வாண்டில் சென்னையில் முகம்மதியப் பொது நூலகம் ஒன்று அமைய இவர் முன்னின்றார். திருவல்லிக்கேணியில் அந்நூலகம் பின்னரும் தொடர்ந்து நிலைத்தது. அதே ஆண்டில் பாரசீக, இந்துஸ்தானிக் கவிஞர்களின் பாடல்களிலிருந்து தொகுத்த குல்தஸ்தா என்னும் மலர்க்கொத்தினைக் கல்லச்சில் வெளியிட்டார். அந்நகரின் ஒரு பிரிவு மக்கள் தம் மொழியில், தம் அண்டையில் படிக்க ஓரிடம் வேண்டும் என்று எண்ணியது அருங்காட்சியகப் பணிக்கு முந்திய ஒத்திகை போன்றது எனலாம்.

சென்னை அருங்காட்சியகம்

1812 இல் தோன்றிய சென்னை இலக்கியக் கழகம் தன்னிடம் சேர்ந்திருந்த கற்களையும் கனிமங்களையும் வைப்பதற்கு இடமின்றித் தவித்தது. 1846 இல் அருங்காட்சியகம் அமைக்க வேண்டுமென்று அரசை வேண்டியது. இலண்டனிலிருந்த கம்பனி இயக்குநர்கள் இசைந்தபின், 1851 சனவரியில் பால்ஃபர் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். கழகம் அளித்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளுடன், கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவ்விடம் பின்னாளில் பள்ளிக் கல்வி இயக்கக வளாகமாயிற்று. இந்தியாவில் இதற்கு முன்னர்க் கல்கத்தாவில் ஆசியக் கழகம் 1814 இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருந்தது. அரசே முன்னின்று பொதுமக்களுக்கென நடத்தியவற்றுள் சென்னையினது மிகப் பழையவற்றில் ஒன்று.

அரசுக்கு இதில் இருந்த அக்கறை பெரும்பாலும் பொருளாதாரம் பற்றியது. எந்த மாவட்டத்தில் இரும்புத் தாது கிடைக்கும், எங்கு நிலக்கரி உண்டு, எம்மரம் கப்பல் கட்ட உதவும் என்பவை அறியவேண்டியிருந்தன. பால்ஃபரும் இவ்வேலையைச் செவ்வனே செய்தார். மாகாணத்தின் இரும்புத் தாதுக்கள், இரும்பும் எஃகும் செய்யும் முறைகள், நிலக்கரிகள் பற்றிய இவருடைய அறிக்கை 1855 இல் வெளியானது. பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் தொடங்கிய இரும்பாலை தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் தாதுக்களை நிறுக்கும் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க மக்கள் வரமாட்டார்கள். இதனைப் பால்ஃபர் விரைவில் உணர்ந்துகொண்டார். மாகாணம் முழுவதும் அதிகாரிகளுக்கும் பிறருக்கும் வேண்டுகோள் விடுத்து, பறவைகள், சிப்பிகள், பாம்புகள், விதைகள், கருவிகள், சிற்பங்கள் எனக் கிடைத்ததையெல்லாம் அனுப்பச் செய்தார். பொருட்கள் குவிந்தன. பழுதுற்றிருந்த கல்லூரிக் கட்டடத்தில் இடம் போதவில்லை. 1854 திசம்பரில் அருங்காட்சியகம் எழும்பூரில் பாந்தியன் எனப்பட்ட கட்டடத்திற்கு மாறியது.

பாந்தியனின் பழைய கதை சுவையானது. 1778 இல் ஹால் பிளமர் என்ற அதிகாரிக்குத் தோட்டம் அமைக்க வழங்கப்பட்ட 43 ஏக்கர் நிலம், 1793 இல் நகரின் ஐரோப்பியக் கனவான்கள் இருபத்துநால்வர் குழுவின் கைக்கு வந்தது. அங்கு விருந்துகளும் நடனங்களும் நாடகங்களும் நடந்தன. 1821 இல் மூரத் என்னும் ஆர்மீனிய வணிகர் அதை வாங்கினார். 1830 இல் அரசு 28,000 ரூபாய்க்கு வாங்கியது. ஐரோப்பியர் கூடிக் களித்த அந்த இடத்திற்குள் 1854 க்குப் பின் நகரின் எந்தத் தெருவைச் சேர்ந்தவரும் நுழையலாம் என்றாயிற்று. இடமாற்றத்தின் உண்மையான பொருள் இதுவே. பாந்தியன் சாலை என்ற பெயரில் அப்பழைய பெயர் இன்றும் வாழ்கிறது.

உயிர்க் காலேஜ், செத்த காலேஜ்

அருங்காட்சியகத்தில் உயிருள்ள புலிக்குட்டி ஒன்றும் சிறுத்தை ஒன்றும் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்க்க வரும் கூட்டம் மற்றக் கூடங்களுக்கு வரும் கூட்டத்தைவிட மிகுதி என்பதைப் பால்ஃபர் கவனித்தார். ஒரு கண்காணிப்பாளர் இதனை வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று ஒதுக்கியிருக்கக்கூடும். பால்ஃபரோ வருகையாளர் எண்ணிக்கையைத் தம் அறிக்கைகளில் முதன்மைப்படுத்தி வந்தவர். புலியைப் பார்க்க வருபவர் சிப்பியையும் பார்த்துவிட்டுச் செல்வார் என்பது அவர் கணக்கு.

நவாபுடன் தமக்கிருந்த பழக்கத்தைக் கொண்டு, அரண்மனையில் வளர்க்கப்பட்ட விலங்குகளை அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாகப் பெற முயன்று வெற்றி கண்டார். 1855 இல் பாந்தியன் தோட்டத்திலேயே விலங்குக் காட்சிசாலை தோன்றியது; இந்தியாவின் பழமையான பொது விலங்குக் காட்சிசாலைகளில் இது ஒன்று. ஓராண்டிற்குள் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என 300 க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கு இருந்தன. நவாப் குலாம் கவுசு கான் 1855 அக்டோபரில் வாரிசின்றி இறந்தார். டல்ஹவுசி பிரபுவின் கொள்கைப்படி நவாப் பட்டமும் ஒழிக்கப்பட்டது. அரசவையின் பொழுதுபோக்காக இருந்தவற்றுள் மக்களுக்கு வந்துசேர்ந்தது இவ்விலங்குகள் மட்டுமே என்று சொல்லவேண்டும்.

அருங்காட்சியகம் முதலில் ஒரு கல்லூரியில் இருந்ததால் சென்னை மக்கள் அதனைக் காலேஜ் என்றே அழைத்தனர். உயிரற்ற பொருட்கள் இருக்குமிடம் செத்த காலேஜ். விலங்குகள் இருக்குமிடம் உயிர்க் காலேஜ். ஆங்கிலேயர் இட்ட பெயர்களான சென்ட்ரல் மியூசியமும் பாந்தியனும் அலுவலகத் தாள்களில் இருக்க, இவ்விரு பெயர்களும் நகரத்தார் நாவில் இருபதாம் நூற்றாண்டு வரை வழங்கின. ஓர் இடத்திற்கு மக்கள் தாமே பெயர் சூட்டுவது அவ்விடம் அவர்களுக்குப் பழகிவிட்டதற்கு நல்ல சான்று.

அமராவதிச் சிற்பங்கள்

குண்டூர்ப் பகுதியிலுள்ள அமராவதியில் வால்டர் எலியட் 1845 இல் அகழ்ந்தெடுத்த பௌத்தத் தூபியின் பளிங்குச் சிற்பங்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, கல்லூரி முற்றத்தில் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அவற்றை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் கொண்டுவந்ததும், வில்லியம் டெய்லர் பாதிரியார் அவற்றைப் பற்றி அறிக்கை எழுதியதும் பால்ஃபரின் காலத்தில் நிகழ்ந்தவை. 1858 இல் லின்னேயசு டிரைப் என்ற படை அதிகாரி அவற்றை ஒளிப்படம் எடுத்தார்.

1859 இல் 121 கற்கள் இலண்டனுக்குக் கப்பலேறின. அவை நெடுங்காலம் கிடங்கில் கிடந்து, 1880 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தன. பிற்கால அகழ்வுகளில் கிடைத்தவை சென்னைக்கு வந்து, எழும்பூரில் பெரியதொரு தொகுதியாக உள்ளன. மக்களுக்குரிய அருங்காட்சியகம் என்ற எண்ணமும், மக்களின் சொத்தை எடுத்துச்செல்லும் அரசின் உரிமையும் ஒரே கட்டடத்தில் உடனிருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

மாவட்ட அருங்காட்சியகங்கள்

தலைநகரில் ஓர் அருங்காட்சியகம் இருந்தால் போதாது, மாவட்டங்களிலும் வேண்டும் என்று பால்ஃபர் வற்புறுத்தினார். அதன் பயனாகப் பெல்லாரி, கடலூர், கோயம்புத்தூர், மங்களூர், உதகமண்டலம், இராஜமுந்திரி ஆகிய ஆறு ஊர்களில் 1850களின் நடுவில் கிளைகள் தோன்றின. அவ்வப் பகுதியின் விளைபொருட்களையும் கைத்தொழில்களையும் அவ்வூரார் பார்க்கவும், பிற இடங்களுடன் மாற்றிக்கொள்ளவும் இவை உதவும் என்பது திட்டம். 1861 அளவில் இவை கைவிடப்பட்டன. 1857 எழுச்சிக்குப் பிந்திய செலவுக் குறைப்புக் காலம் அது. ஆர்வமுள்ள அதிகாரி இடம் மாறியவுடன் வண்டுகளும் கறையானும் பொறுப்பேற்கும் ஊர்களில் அருங்காட்சியகம் நிலைப்பது எளிதன்று. மாவட்டத் தலைநகரங்களில் மீண்டும் அரசு அருங்காட்சியகங்கள் பரவ ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்கவேண்டியதாயிற்று.

1859 இல் பால்ஃபர் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின்வந்த கப்டன் மிட்செல் தொடங்கிய சிறு நூலகமே வளர்ந்து 1896 இல் கன்னிமாரா பொது நூலகமாயிற்று. 1885 இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் கோசா முறையில் வாழும் பெண்கள் வந்து பார்க்கத் தனிநேரம் ஒதுக்கினார். ஆண்கள் அப்போது அனுமதிக்கப்படவில்லை. பொங்கலை அடுத்த காணும் பொங்கல் நாளில் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவது வழக்கமாகிவிட்டது.

பிற பணிகள்

இலண்டன் உலகப் பொருட்காட்சி (1851), சென்னைப் பொருட்காட்சி (1855) முதலியவற்றிற்கான சென்னைக் குழுவில் பால்ஃபர் பணியாற்றினார். இதே காலத்தில், 1850 இல் சென்னைக் கலைப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாந்தர் ஹன்டரும் ஒரு மருத்துவரே. மருத்துவர்களே நகரின் கலை, அறிவியல் நிறுவனங்களை உருவாக்கியது அக்காலச் சென்னையின் தனித்தன்மை.

1858 முதல் 1861 வரை நவாபின் கடன்களை விசாரிக்கும் ஆணையராக இருந்தார். பின்னர் மருத்துவமனைகளின் துணைத் தலைமைக் கண்காணிப்பாளராகப் பர்மா, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள், அந்தமான், மைசூர் ஆகிய இடங்களில் பணிபுரிந்தார். மைசூரில் தலைமை ஆணையர் பௌரிங்கின் ஆதரவுடன் 1865 இல் பெங்களூரில் அருங்காட்சியகம் அமைய வழிகாட்டினார்.

கலைக்களஞ்சியம்

இந்தியாவையும் கிழக்கு, தெற்கு ஆசியாவையும் பற்றிய இவருடைய கலைக்களஞ்சியம் 1857 இல் சென்னையில் வெளியாயிற்று. 1871 முதல் 1873 வரை ஐந்து தொகுதிகளாக இரண்டாம் பதிப்பும், 1885 இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக மூன்றாம் பதிப்பும் வந்தன. மரம், மருந்து, தொழில், குடிகள், ஊர்கள், மொழிகள் என அகர வரிசையில் அமைந்த இந்நூலில் பொருட்களின் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி முதலிய பெயர்களும் தரப்பட்டுள்ளன. பிழைகளும் அக்காலத்து இனப் பாகுபாட்டு நோக்கும் இதில் மலிந்துள்ளன. எனவே கவனத்துடனேயே பயன்படுத்தவேண்டும். இருப்பினும் மூலிகைகளுக்கும் மரங்களுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய தமிழ்ப் பெயர்களைத் தேடுவோருக்கு இது ஒரு சுரங்கம். தமிழில் இத்தகைய முயற்சியாக ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910 இல் வெளிவந்தது. இந்திய மரவகைகள், காடுகள் பற்றிய நூல் ஒன்றையும் பால்ஃபர் எழுதினார்.

பெண்கள் மருத்துவக் கல்வி

1871 இல் பால்ஃபர் சென்னை மாகாணத் தலைமை அறுவை மருத்துவர் ஆனார். ஆண் மருத்துவரிடம் செல்ல விரும்பாத பெண்கள் பேறுகாலத்தில் உதவியின்றி இறப்பதைக் கண்டு, மகப்பேறு மருத்துவ நூல் ஒன்றை இந்துஸ்தானியில் தாமே மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றிலும் அது வெளிவர ஏற்பாடு செய்தார். நூல்களால் மட்டும் இக்குறை தீராது, பெண்களே மருத்துவம் கற்கவேண்டும் என்று அரசிடம் எடுத்துரைத்தார். 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் பின்னர் இலண்டனில் புகழ்பெற்ற மகளிர் மருத்துவரானார். எடின்பரோவில் பெண்கள் மருத்துவம் கற்க முயன்று எதிர்ப்பால் வெளியேறிய ஆண்டுகள் இவை. தாம் பயின்ற நகரில் மூடப்பட்ட கதவைப் பால்ஃபர் சென்னையில் திறக்க உதவினார். இக்கல்லூரியில் 1907 இல் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி 1912 இல் பட்டம் பெற்றார்.

குடும்பமும் இறுதி ஆண்டுகளும்

1852 மே மாதத்தில், சென்னையில் பணியாற்றிய மருத்துவர் கில்கிரிஸ்டின் மூத்த மகள் மரியன் மெட்டில்டா அக்னசை மணந்தார். 1876 இல் பணி ஓய்வு பெற்று நாடு திரும்பியபோது சென்னையின் இந்துக்களும் முசுலிம்களும் ஐரோப்பியரும் சேர்ந்து பிரியாவிடை அளித்தனர். இவருடைய உருவப்படம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1889 திசம்பர் 8 அன்று இலண்டனில் தம் இல்லத்தில் காலமானார். பெண்களின் மருத்துவக் கல்வியை ஊக்குவிக்கும் வகையில் இவர் நினைவாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் ஒன்று நிறுவப்பட்டது.

எழும்பூருக்கு அப்பால்

பாந்தியன் தோட்டத்து விலங்குகள் 1860களில் சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கிற்கு மாற்றப்பட்டன. அங்கும் இடம் போதாமல், 1985 இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. அதனருகே தொடங்கும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலை படப்பை வழியாக ஒரகடத்தை அடைகிறது. பூங்கா திறந்தபோது வயல்களும் ஏரிகளுமாக இருந்த அப்பகுதி, 1990களின் இறுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களின் சிப்காட் தொழிற்பேட்டைகளால் மகிழுந்து, மின்னணுப் பொருள் உற்பத்தி மண்டலமாக மாறியது.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் இப்பகுதிக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்திற்கும் வேறு உறவும் உண்டு. நிலவியலாளர் இராபர்ட் புரூசு ஃபூட் 1863 இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். தாவரப் புதைபடிவங்கள் நிறைந்த இப்பகுதியின் பாறைப் படிவுகள் நிலவியல் நூல்களில் ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் என்றே வழங்குகின்றன. ஃபூட் திரட்டிய தொல்பொருள் தொகுப்பை 1904 இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அது எழும்பூரில் உள்ளது.